மணப்பெண்ணின் முகம் ஏன் நீலமாகிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. கல்யாண வீடியோ எடிட்டிங்கை வீட்டிலேயே செய்கிறேன். நான்கு ஸ்டுடியோக்கள் வேலை தருகின்றன. இந்த முகூர்த்த சீசனில் மூன்று வீட்டார், “பொண்ணு முகம் நீலம் பாரிச்ச மாதிரி இருக்கு, படமும் இருட்டா இருக்கு” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. இப்போது இருப்பது 24 இன்ச் ஐபிஎஸ் மானிட்டர். ஒன்றரை லட்சத்துக்குக் கலர் கிரேடிங் மானிட்டர் வாங்கினால்தான் தொழிலில் நிற்க முடியும் என்கிறார் நண்பர். அம்மா தன் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை அடகு வைக்கப் போகிறேன். எது வாங்கலாம்? இரண்டு வயது மகள் அதே அறையில் தூங்குவதால், இரவு 11 மணிக்கு மேல் விளக்கை அணைத்து, கம்ப்யூட்டரில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதியைப் போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். கண் கூசாத மானிட்டராக இருந்தால் நல்லது.
— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தம்பி, மானிட்டர் கேட்டு எனக்கு வருகிற கடிதங்களில் நண்பர் சொன்ன விலை நடுவில் இருக்கும், நோய் கடைசி வரியில் இருக்கும். உங்கள் நோய்க்குப் பெயர் நைட் லைட்.

கலர் பார்த்துச் சம்பாதிக்கிற மனிதர், கலரை மாற்றுவதற்கென்றே இருக்கிற ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காரலாமா? நைட் லைட் திரையில் நீலத்தைக் குறைக்கிறது. திரை மஞ்சளாகிறது. கொஞ்ச நேரத்தில் உங்கள் கண் அதற்குப் பழகிவிடுகிறது. குண்டு பல்பு வெளிச்சத்திலும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிற மாதிரி. ஆனால் கண் முழுதாகப் பழகுவதில்லை. மிச்சமிருக்கிற மஞ்சளைப் பெண்ணின் முகத்தில் பார்க்கிறீர்கள், அதைச் சரிக்கட்ட நீலத்தை ஏற்றுகிறீர்கள். அந்த வீடியோ கல்யாண வீட்டு டிவிக்குப் போகிறது. அங்கே நைட் லைட் கிடையாது. நீங்கள் ஏற்றிய நீலம் மட்டும் இருக்கிறது.

ஒரு வீட்டார் சொல்லியிருந்தால் அவர்கள் டிவி நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடில் இருந்திருக்கும் என்று நானே சொல்லியிருப்பேன். மூன்று வீட்டாரும் ஒரே குறையைச் சொன்ன பிறகும் “என் திரையில் சரியாகத்தான் தெரிகிறது” என்று எழுதுகிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். மகளின் கல்யாண வீடியோவை உறவுக்காரர்களோடு உட்கார்ந்து பார்க்கிற ஒரு தாய்க்கு, அந்த முகம் நீலம் பாரித்துத் தெரிந்தால் எப்படி இருந்திருக்கும்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். திரும்பி வந்த வேலை ஒன்றை டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் திறந்து, பகல் வெளிச்சத்தில் எடுத்த காட்சி ஒன்றில் மாப்பிள்ளையின் வேட்டி மட்டும் படம் முழுதும் நிறையும்படி வைத்துக்கொண்டு, சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி பரேடைப் பாருங்கள். வெள்ளை வேட்டி என்றால் மூன்று நிறமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். உங்களுடையதில் நீலம் மட்டும் தலை தூக்கி நிற்கும் என்பது என் கணிப்பு. இந்த மாதிரி அளவு வரைபடத்துக்கு ஸ்கோப் என்று பெயர், அது வீடியோவின் சிக்னலை அளக்கிறது. திரை மஞ்சளானாலும் அதற்குக் கவலையில்லை. முகத்துக்கு, நிறத்தை வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் ஸ்கின் டோன் கோடு இருக்கிறது. சிவந்த தோலோ மாநிறமோ கறுப்போ, எல்லா முகமும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும்; தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தத்தின் நிறம் எல்லோருக்கும் ஒன்றுதானே. “பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்கிடுங்க” என்று கேட்கிறவர்களுக்கும் இதையே பதிலாகச் சொல்லுங்கள். அவள் நிறத்தில் அவளைக் காட்டுவதுதான் உங்கள் வேலை.

அடுத்து அந்த இருட்டு. கும்மிருட்டில் உட்கார்ந்தால் திரையில் நிழல் பகுதியெல்லாம் துலக்கமாகத் தெரியும். கூந்தல், கோட்டு மடிப்பு, அரக்குப் பட்டின் கரை எல்லாம் தெரிகிறதே என்று அப்படியே விட்டுவிடுவீர்கள். டியூப்லைட் எரிகிற கூடத்தில் அதே படம் கரேலென்று கிடக்கும். இரண்டாவது புகாருக்கும் காரணம் கிடைத்துவிட்டதா? மானிட்டருக்குப் பின்னால் சுவரில் படும்படி 6500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்று மங்கலாக எரிய வேண்டும். சுவர் பச்சை, ரோஸ் என்றிருந்தால் சாம்பல் நிறத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

ஆனால் அந்த விளக்கைப் போட முடியாது, மகள் தூங்குகிறாள் என்பீர்கள். ஆமாம், அதுதான் விஷயம். இரண்டு வயதுப் பிள்ளை தூங்குகிற அறையில் இரவெல்லாம் திரை மினுங்கவே கூடாது. நைட் லைட் போட்டால் அவளுக்கும் நல்லது, வேலையும் நடக்கும் என்று நினைத்தீர்கள். இரண்டும் கெட்டது. பிள்ளைக்கு இருட்டு வேண்டும், உங்களுக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் கேட்டால் எந்த மானிட்டரும் தராது. மேசையைக் கூடத்தின் மூலைக்கு மாற்றுங்கள். இரவில் வெட்டி ஒட்டுகிற வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கலரைக் காலையில் செய்யுங்கள். ஜன்னல் வெயில் மானிட்டரில் விழாமல் திரைச்சீலை போட்டால் போதும். அப்போது மகள் வந்து மடியில் ஏறுவாள், வேலை தடைபடும் என்று பயப்படுகிறீர்களா? ஏறட்டும். வீட்டிலேயே வேலை பார்க்கிற அப்பாவை அவள் விழித்திருக்கும்போது பார்ப்பதில் என்ன குறை? உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த அறையில் அவரும்தானே தூங்குகிறார்? மேசையை எங்கே போடலாம் என்று முதலில் அவரைக் கேளுங்கள், பிறகு நண்பரைக் கேட்கலாம்.

இனி மானிட்டர். வீட்டு டிவிக்கும் யூடியூபுக்கும் போகிற கல்யாண வீடியோவுக்கு ரெக் 709 என்கிற நிறத் தரம் போதும். 1990-ல் வந்த ஹெச்டி தரம் அது. இன்றும் அதுவே உங்கள் அளவுகோல். வெள்ளை டி65 (ஏறக்குறைய அந்த 6500 கெல்வின் வெள்ளைதான்), திரை வெளிச்சம் 100 நிட்ஸ், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவிலுள்ள சாயல்களைத் தீர்மானிக்கிற காமா விளக்கெரிகிற அறையில் 2.2, மங்கலான அறையில் 2.4. நண்பர் சொல்கிற விலையில் வருகிற, அதைவிட அகலமான நிறம் காட்டும் டிசிஐ பி3-யும் கூடுதல் வெளிச்சம் காட்டும் ஹெச்டிஆரும் தியேட்டருக்கும் ஓடிடிக்கும் வேலை செய்கிறவர்களுக்கு. உங்களிடம் அதை யார் கேட்டார்கள்? ஈசோ கலர்எட்ஜ் சிஜி மானிட்டரில் நிறத்தை அளக்கிற சென்சாரே உள்ளுக்குள் இருக்கிறது. அதையே கொண்டுவந்து வைத்தாலும், கம்ப்யூட்டரில் நைட் லைட் எரிந்தால் அதுவும் மஞ்சளாகத்தான் காட்டும்.

ஏற்கெனவே ஐபிஎஸ் வைத்திருக்கிறீர்கள், கலருக்கு ஏற்ற பேனல்தான் அது. அதன் மெனுவில் லோ ப்ளூ லைட், ஐ கேர் என்று ஏதாவது எரிந்தால் அணைத்து, ரெக் 709-ஐ ஒத்த நிறம் காட்டும் எஸ்ஆர்ஜிபி மோடில் வையுங்கள். காசு செலவழித்தே தீர வேண்டுமென்றால், திரையின் நிறத்தை அளக்கிற கலரிமீட்டர் வாங்குங்கள். கேலிப்ரைட் அல்லது ஸ்பைடர், எதுவானாலும் சரி. அதை வைத்து அளக்கிற டிஸ்ப்ளேகேல் மென்பொருள் இலவசம். திரையை அரை மணி நேரம் எரியவிட்டு மாதம் ஒருமுறை அளந்து சரிசெய்யுங்கள். உங்கள் ஊரில் இதே வேலை செய்கிற நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினாலே போதும். அளந்த பிறகும் பேனல் தேறவில்லை என்றால் ஆசஸ் ப்ரோஆர்ட் பிஏ278கியூவி மாதிரி, ரெக் 709-ஐ முழுதாகக் காட்டுகிற 27 இன்ச் ஐபிஎஸ் ஒன்றைப் பாருங்கள். அதை வருகிற சம்பாத்தியத்தில் வாங்கலாம், அடகுக்கடை ஏற வேண்டியதில்லை.

கேட்டவுடன் கழற்றிக் கொடுத்தார் என்றால், உங்கள் அம்மா உங்கள் தொழிலை உங்களைவிட அதிகம் நம்புகிறார். ஒரு சுவிட்சை அணைத்துப் பார்க்காமல் அந்த நம்பிக்கையை வட்டிக்கு வைக்கப் போனீர்கள். நாளைக் காலை நைட் லைட்டை அணைத்துவிட்டு, மூன்று வீடியோவில் ஒன்றைப் புதிதாகக் கலர் பாருங்கள். அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்கு நேரில் போங்கள். அவர்கள் கூடத்தில், அவர்கள் டிவியில், பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சங்கிலி திங்கட்கிழமைக்கு முன்னால் அம்மாவின் கழுத்தில் இருக்க வேண்டும்.