‘யாருன்னு தெரியல’ன்னு சொல்லிட்டீங்களே!

கேள்வி: என் பையன் நாலாவது படிக்கிறான். ஸ்கூல் விழான்னாலே எனக்கு வயித்தக் கலக்குது. இந்த வருஷம் அவனுக்கு மரம் வேஷம். தலையில கட்டுன இலைக் கிரீடம் சரிஞ்சிருச்சுன்னு என் மாமியார் வாயில ஊக்கைக் கவ்விக்கிட்டு, பாட்டு ஓடிட்டிருக்கும்போதே ஸ்டேஜ்ல ஏறிப் போய் குத்திவிட்டாங்க. 72 வயசு மாமனார் பிளாஸ்டிக் சேர் மேல ஏறி நின்னு "என் பேரன், என் பேரன்"னு விசிலடிக்கிறார். அப்பாக்களுக்கு வச்ச சாக்கு ஓட்டத்துல என் வீட்டுக்காரர் விழுந்து, உருண்டே போய் கோட்டைத் தொட்டார். எல்லாரும் எங்களையே பாத்து சிரிச்சாங்க. பையனோட கிளாஸ் பொண்ணோட அம்மா பக்கத்துல இருந்தாங்க, "யாருங்க அந்தப் பெரியவர்"னு கேட்டாங்க, தெரியலன்னு சொல்லி சமாளிச்சுட்டேன். அடுத்த வருஷம் இவங்கள எப்படி வராம நிறுத்துறது?

பதில்: ஏம்மா, இந்த மாதிரி லெட்டர் எனக்கு எத்தனையோ வந்திருக்கு, ஊக்கு, விசில், சாக்கு எல்லாத்தையும் ஓரமா வைங்க. நான் அந்த ஒரு வார்த்தையிலயே நின்னுட்டேன். தெரியல. உங்க பையன என் பேரன் என் பேரன்னு ஹால் முழுக்க கேக்குற மாதிரி ஒருத்தர் கத்திட்டிருக்கார், அதே நிமிஷம் நீங்க அவர யாருன்னே தெரியாதுன்னு சொல்றீங்க. சமாளிச்சுட்டேன்னு வேற எழுதுறீங்க. அதுக்குப் பேரு கைவிடுறது.

கேட்டது யாரு? கூடப் படிக்கிற பொண்ணோட அம்மா. அவங்க வீட்ல போய் பேச மாட்டாங்களா? மறுநாள் கிளாஸ்ல அந்தப் பொண்ணு "உங்க தாத்தாவ உங்கம்மாவுக்கே தெரியாதாமே"ன்னு கேட்டா அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும், அத யோசிச்சீங்களா?

லெட்டர ரெண்டு தடவ படிச்சுட்டேன், பையன் வெக்கப்பட்டான்னு ஒரு வரிகூட இல்ல. வயித்தக் கலக்குறது உங்களுக்குத்தான். டேவிட் எல்கைண்ட்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 1967லயே எழுதியிருக்கார், டீன் ஏஜ் பசங்க மனசுக்குள்ள ஒரு கற்பனை ஆடியன்ஸ் உக்காந்திருக்கும், எந்நேரமும் எல்லாரும் தன்னையே பாக்குறாங்கன்னு தோணும்னு. உங்க பையனுக்கு அந்த வயசு இன்னும் வரல, நீங்க அதத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆச்சு. அந்த வயசு வந்து அவனே "தாத்தா விசிலடிக்க வேணாம்மா"ன்னு சொன்னா அப்போ அவன் பேச்சக் கேளுங்க, தாத்தாகிட்டயும் எடுத்துச் சொல்லுங்க. இப்பவே அவனுக்காகன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

எல்லாரும் எங்களையேன்னு எழுதியிருக்கீங்களே, அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டில ஒரு சோதனை செஞ்சாங்க, 2000ல வெளிவந்தது. போட்டா கூச்சமா இருக்குற ஒரு டிஷர்ட்ட ஒரு மாணவனுக்கு மாட்டிவிட்டு மத்தவங்க இருக்குற ரூமுக்குள்ள அனுப்பினாங்க. போட்டவங்க கிட்டத்தட்ட பாதிப் பேர் அதக் கவனிச்சிருப்பாங்கன்னு நெனச்சாங்க, நெஜமா கவனிச்சது கால்வாசி பேர்தான். ஸ்டேஜ்ல ஏறுன பாட்டிய எல்லாரும் பாத்திருப்பாங்க, ஒத்துக்கறேன், ஆனா அடுத்த நிமிஷம் அவங்கவங்க கண்ணு அவங்கவங்க பிள்ளை மேல போயிருக்கும்.

மாமியார் ஸ்டேஜ்ல ஏறுனது தப்புதான். அது மத்த பிள்ளைங்களும் சேந்து ஆடுறது, டீச்சர் தொண்டை வறள சொல்லிக் குடுத்தது. நேராவே சொல்லுங்க, "அத்தை, வேஷம் போடும்போதே நீங்களே நாலு ஊக்கு அழுத்தமா குத்திருங்க, ஆட்டம் ஆரம்பிச்சா யாரும் மேல போகக் கூடாது"ன்னு. உங்க வீட்டுக்காரர்கிட்ட எனக்கு ஒரு குறையும் இல்ல. விழுந்தப்புறமும் ஓட்டத்த முடிச்ச அப்பாவ உங்க பையன் பாத்திருக்கான்.

எப்படி வராம நிறுத்துறதுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். பேரன் மேடை ஏறுறதப் பாக்க தாத்தா பாட்டிக்கு யார் அனுமதியும் வேணாம், அவங்களக் கூட்டிட்டுப் போறது உங்க கடமை. அந்தம்மாவ ஸ்கூல் வாசல்ல பாத்தா "அன்னிக்குக் கேட்டீங்களே, அவரு என் மாமனார்"னு சொல்லிடுங்க, விளக்கமெல்லாம் வேணாம்.

அப்புறம், 72 வயசு மனுஷர் பிளாஸ்டிக் சேர் மேல நின்னார்னு எழுதுனீங்க, சறுக்கி விழுந்தா என்ன ஆகும்னு ஒரு வார்த்தை எழுதல. அந்த வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சா பழையபடி நடக்க மாசக்கணக்காகும். அடுத்த விழாவுல அவர் பக்கத்து சேர்ல நீங்க உக்காருங்க, ஏற விடாதீங்க, சொல்லியும் கேக்காம ஏறிட்டார்னா எழுந்து நின்னு ரெண்டு கையாலயும் அந்த சேர கெட்டியா பிடிச்சுக்கோங்க.