கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறேன். 11 வருடமாக கார்மன்ட்டில் தைக்கிறேன், மாதச் சம்பளம். ஓடர் இல்லையாம், மூடப் போகிறார்களாம். 200 பேரையும் நிற்பாட்டுகிறார்கள். மூன்று மாதச் சம்பளம் தருவதாகச் சொல்லி, சிங்களத்தில் ஒரு கடிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று வெளிநாட்டிலிருக்கும் தம்பி சொல்கிறான். உண்மையா?

பதில்: இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை பார்த்தவரை, குற்றம் ஏதும் செய்யாதபோது நிற்பாட்டுவதற்கு இரண்டே வழிதான். ஒன்று, உங்கள் எழுத்துமூலச் சம்மதம். இல்லையென்றால், தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி. இலங்கையின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்வது இது. உங்களிடம் நீட்டிய கடிதம்தான் அந்தச் சம்மதம். இப்படியான கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்: "நானாகவே விலகுகிறேன்" என்று இருக்கும், திகதி போடும் இடம் வெறுமையாக இருக்கும்.

ஓடர் குறைந்தது பொய்யாக இருக்காது. 2025இல் அமெரிக்கா நமது பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, அதே ஆண்டில் அதை 20 வீதமாகக் குறைத்தது. நம் ஆடைகளுக்குப் பெரிய சந்தை அது. ஆனால் நட்டம் என்றால் அதை ஆணையாளர் முன்னால் காட்டி அனுமதி கேட்க வேண்டும். தானாக கேட்டைப் பூட்ட முடியாது.

அனுமதி கிடைத்தாலும் நட்டஈட்டுக்குக் கணக்கு இருக்கிறது. முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை வருடத்துக்கு இரண்டு மாதம். உங்களுக்கு 24½ மாதச் சம்பளம் வருகிறது. வேலை பார்த்த வருடங்களுக்காக முதலாளி கொடுக்கும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதில் சேராது. வருடத்துக்கு அரை மாதமாக அது மட்டும் ஐந்தரை மாதம். நீங்களாகவே விலகினாலும் கொடுத்தே ஆக வேண்டும். அதைவிடவும் குறைவான தொகைக்குத்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். எனக்கு மனம் கொதிக்கிறது.

தம்பி சொல்லும் கொடுப்பனவு இலங்கையில் இல்லை. ஊழியர் நம்பிக்கை நிதியை (ETF) வேலை நின்றதும் எடுக்கலாம். சேமலாப நிதி (EPF) பெண்களுக்குப் பொதுவாக 50 வயதில்தான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட தோழிகளும் கைவிட வேண்டாம். வாசித்துக் காட்டவில்லை, பயமுறுத்தி வாங்கினார்கள் என்றால் அதையே எழுதிக் கொடுக்கலாம். கொஞ்சம் கஷ்டமான வழக்குதான். வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை எல்லாவற்றையும் இன்றைக்கே போனில் படம் எடுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டின் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.