பெயருக்குத் தலைவரா?

கேள்வி: 'சம்திங் எல்ஸ்' ஜாஸ் ஆல்பத்தில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் கேனன்பால் ஆடர்லி பெயருக்குத்தானே குழுத் தலைவர்? உண்மையில் அது மைல்ஸ் டேவிஸ் ஆல்பம்தானே?

பதில்: 'பெயருக்கு' என்று எழுத எப்படி மனம் வந்தது உங்களுக்கு?

1958 மார்ச் 9 அன்று அந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவு அறையில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். டிரம்பெட்டில் மைல்ஸ், அப்போது கேனன்பாலே அவர் குழுவில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்ஸில் ஆர்ட் பிளேக்கி. அவரும் தனிக்குழு நடத்தியவர். இப்படி இரண்டு பேரை வைத்துக்கொண்டு, தன் பெயரில் வரும் தட்டின் முதல் பாட்டான 'ஆட்டம் லீவ்ஸ்' மெட்டை மைல்ஸிடம் விட்டுவிட்டார் கேனன்பால். உங்களுக்கு அது பலவீனமாகப் படுகிறது. தலைமை என்று நான் சொல்வதே அதைத்தான். ஃப்ளோரிடாவில் பள்ளி பேண்டு வாத்தியாராக இருந்தவர் அவர். அடுத்தவரை வாசிக்கவிட்டுக் கேட்கத் தெரிந்த மனிதர்.

மெட்டு முடிந்து கேனன்பாலின் ஆல்டோ நுழையும் இடத்தைக் கேளுங்கள். மியூட் என்ற ஒலியடக்கி போட்ட டிரம்பெட்டில் மைல்ஸ் நாலு சுரம் தொட்டுவிட்டு மௌனம் விடுவார். கேனன்பாலோ ப்ளூஸ் மணக்க, வளைத்து வளைத்து, மூச்சு முட்டாமல் பொழிகிறார். ஹார்ட் பாப் என்ற ஜாஸ் பாணி என்றால் இந்தச் சூடுதான். இன்னொருவர் நிழலில் நிற்கிறவர் வாசிப்பா இது?

தலைப்புப் பாட்டு மைல்ஸ் எழுதியது. 'ஒன் ஃபார் டாடி-ஓ' முடிவில் தயாரிப்பாளர் ஆல்ஃபிரட் லயனிடம் பேசும் கரகரத்த குரலும் அவருடையதே. சரி. அந்த 'டாடி-ஓ'வை எழுதியது கேனன்பாலின் தம்பி நாட். கடைசிப் பாட்டு 'டான்ஸிங் இன் தி டார்க்'கில் மைல்ஸ் வாசிக்கவே இல்லை, முழுக்க ஆல்டோதான். அதற்கு என்ன சொல்வீர்கள்?

எந்தத் தட்டை எடுத்தாலும் மைல்ஸைத் தேடும் இந்த வியாதியோடு நான் இந்தப் பக்கத்தில் மல்லுக்கட்டுவது புதிதல்ல. அதனால் அதிகம் நஷ்டப்பட்டவர் ஹாங்க் ஜோன்ஸ். இதே தட்டில் அவர் பியானோ எவ்வளவு நறுவிசாக விழுகிறது! அவரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டரையாவது கேட்டீர்களா? பிழைப்புக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டே, நியூ ஜெர்ஸி ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ப்ளூ நோட் நிறுவனத்தின் தட்டுகளைப் பதிவு செய்தவர். இந்தத் தட்டும் அந்த வரவேற்பறையில் பிறந்ததுதான். ஆல்டோவின் ஒவ்வொரு மூச்சும் இன்றைக்கும் நம் காதருகே விழுகிறது என்றால் அது அவர் மைக் வைத்த கைப்பக்குவம். அடுத்த கடிதத்தில் அவரைப் பற்றிக் கேளுங்கள், இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.