நிலாவில் எடுத்த படங்களில் நட்சத்திரமே இல்லையே, ஏன்?

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலாவில் எடுத்த படங்களில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை, அதனால் எல்லாம் ஸ்டுடியோ செட் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காரணம் எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிம்மீது எவ்வளவு வெளிச்சம் விழ விடுகிறோம் என்பது. வெயிலில் மின்னும் தரையும் வெள்ளை உடையும் வெளிறாமல் பதிய, ஷட்டர் நொடியில் 250-இல் ஒரு பங்கு நேரம்தான் திறந்தது; மங்கலான நட்சத்திரத்துக்கு அது போதாது. ராத்திரி கிரிக்கெட் மைதானத்தை போனில் எடுத்துப் பாருங்கள், ஆட்டக்காரர் சட்டை எண் வரை தெரியும், மேலே வானம் வெறும் கறுப்பு. (செட் போட்டு ஏமாற்றுகிறவன் நாலு பல்பு மாட்ட மறப்பானா என்ன?) அப்புறம், வானம் கறுப்பாக இருப்பதால் இரவில் இறங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம், அங்கே அப்போது காலை வெயில், காற்று இல்லாததால் வானத்தில் நீலம் இல்லை, அவ்வளவுதான்.