வராதவரை நீக்கலாமா?

கேள்வி: நாங்கள் 15 பேர் அறிவியல் புனைகதை ரசிகர் மன்றம் நடத்துகிறோம். காலையில் நடக்கும் மாதக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து 3 மாதம் வராதவரின் உறுப்பினர் தகுதி நீங்கும் என்பது விதி. வயல் வேலையால் வர இயலாத இருவரை நீக்குவது முறையா?
– வாசகர், மன்னார்குடி.

பதில்: முறையன்று என்றே கருதுகிறேன். குறுவை அறுவடையும் சம்பா நடவும் புரட்டாசி, ஐப்பசியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கும் டெல்டாவில், அந்த நாட்களிலும் காலை வேளையில் கூட்டத்தை வைத்துவிட்டு வராதவரைக் குறை சொல்வது, நேரத்தைத் தவறாகத் தேர்ந்த மன்றத்தின் பிழையை அவர் தலையில் சுமத்துவதாகும். அவ்விரு மாதங்களிலாவது கூட்டத்தை மாலைக்கு மாற்றுங்கள்.

1939-இல் நியூயார்க்கில் முதன்முதலாகக் கூடிய உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், நேரில் செல்லாமலே உறுப்பினராக இருக்க வழியுண்டு. அத்தகையோரும் அம்மாநாடு சிறந்த அறிவியல் புனைகதைகளுக்கு வழங்கும் ஹ்யூகோ விருதுக்கு வாக்களிக்கிறார்கள். உங்கள் மன்றத்திலும், வர இயலாதவர் அம்மாதக் கதையைப் படித்து ஒரு பக்கக் கருத்தை எழுதியனுப்பினால், அதைக் கூட்டத்தில் வாசித்து வருகையாகவே பதியலாம். (அப்படி எழுதுபவர், வந்து வாய்திறவாமல் அமர்ந்திருப்பவரைவிட மன்றத்துக்கு அதிகம் தருகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.)

சந்தா செலுத்துவதும், எடுத்த நூலைத் திருப்பித் தருவதும், வராவிட்டால் முன்கூட்டியே தெரிவிப்பதும் எவருக்கும் தளர்த்தக் கூடாத கடமைகள். அவற்றைத் தவறுபவரையும், எழுத்துவழி விளக்கம் கேட்டபின்பே நீக்க வேண்டும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மன்றத்தைப் பதிவு செய்ய எண்ணினால், 7 பேர் போதும். அப்போது இந்த விலக்குகளையும் துணை விதிகளில் எழுதிவிடுங்கள்.