குழந்தைகளும் விளையாட்டும்: பயிற்சியாளர் பதில்கள்

சிறுவர் சிறுமியருக்குப் பல வருடங்களாகக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் கேட்டவற்றில் சில:

கேள்வி: பையனுக்கு ஏழு வயது. இப்போதே ஒரே விளையாட்டில் இறக்கிவிட்டால்தானே பெரிய ஆளாக வருவான்?

பதில்: என்ன அவசரம்? டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரரே சின்ன வயதில் கால்பந்தும் ஆடியவர்தான். ஒரே அசைவையே வருடம் முழுக்கச் செய்தால், அதே மூட்டு, அதே தசைநார்தான் அடி வாங்கும். எளிய கணக்கு ஒன்று உண்டு: ஒரு விளையாட்டுக்கான வாராந்திரப் பயிற்சி மணிநேரம், பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. ஏழு வயதென்றால் அதிகபட்சம் 7 மணி நேரம்.

கேள்வி: தினமும் எவ்வளவு நேரம் விளையாடலாம்?

பதில்: 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சு வாங்கினால்தான் கணக்கு. வாரத்தில் 3 நாளாவது ஓட்டமும் குதியாட்டமும் இருக்கட்டும், எலும்பு உறுதிப்படும்.

கேள்வி: தோற்றுவிட்டால் மகள் சாப்பிடாமல் அழுகிறாள். நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். அழட்டும், அது தப்பில்லை. யாருக்காக அழுகிறாள் என்று மட்டும் கவனியுங்கள். என்னிடம் ஒரு சிறுமி கோல்கீப்பராக இருந்தாள். கோல் விழுந்தால் பந்தைப் பார்க்க மாட்டாள், கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாவைத்தான் பார்ப்பாள். அவர் திட்டவெல்லாம் மாட்டார். தலையில் கை வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். கொஞ்ச நாள் ஆட்டம் பார்க்க வராதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. மூன்றாவது ஆட்டத்தில் கோல் விழுந்ததும், வலைக்குள் கிடந்த பந்தை அவளே எடுத்து நடுக்கோட்டுக்கு உதைத்தாள். நீங்களும் வீடு திரும்பும் வழியில் ஆட்டத்தை அலசாதீர்கள். பசிக்கிறதா என்று கேளுங்கள், போதும்.

கேள்வி: 12 வயதுப் பையனுக்கு முட்டிக்குக் கீழே வலி. வளர்கிற வலிதானே?

பதில்: முட்டிக்குக் கீழே புடைத்த எலும்பில், குதிக்கும்போது வலித்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்கிற முட்டிக் கோளாறாக இருக்கலாம். இன்னும் முற்றாத எலும்பைத் தசைநார் இழுத்துக்கொண்டே இருப்பதால் வருவது. ஆட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும். ஆனாலும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நொண்டினாலோ, தூக்கத்தில் வலி எழுப்பினாலோ தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: படிப்பு கெடாதா?

பதில்: கெடாது. ஓடியாடிய பிள்ளை ராத்திரி நன்றாகத் தூங்கும். பரீட்சை வாரத்தில் பயிற்சியைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: என் பையனுக்கு விளையாட்டே பிடிக்கவில்லையே?

பதில்: பிடிக்காதது போட்டியாகவும் இருக்கலாம். நீச்சல், சைக்கிள் என்று மாற்றிப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வெளியே இருந்தால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறையும். அப்புறம், நீங்களே அவனோடு பந்து எறிந்து விளையாடுங்கள். கையை இப்படி வை, காலை அப்படி வை என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.