ஆரஞ்சு ரஃபியின் வயது – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீன் 200 ஆண்டுகளுக்கு மேல் வாழும் என்று படித்தேன். இத்தனை ஆயுளின் ரகசியம் என்ன? வெளிச்சமே இல்லாத இடத்தில் அதற்குச் சிவப்பு நிறம் எதற்கு? அதைச் சாப்பிட்டால் நமக்கும் ஆயுள் கூடும் என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆயுள் கூடாது. நூறாண்டு வாழும் மீன் அந்த நூறாண்டும் பாதரசத்தைத் தன் சதையில் சேர்த்துக்கொண்டேதான் இருக்கும். ஓர் உயிர் நெடுநாள் வாழ்கிறது என்று கேட்டதுமே அதைத் தின்னத் தோன்றுகிறதே, அந்தப் புத்தியை நீங்கள் இருவரும் விட்டுவிடுங்கள்.

நிறத்துக்குப் பதில் எளிது. சிவப்பொளியைக் கடல் மேலேயே உறிஞ்சிவிடும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் சிவப்பு உடம்பு கறுப்பாகத்தான் தெரியும், மறைந்துகொள்ள வசதி. உயிரோடிருக்கும்போது அது செங்கல் சிவப்பு. செத்த பிறகுதான் வெளிறி ஆரஞ்சாகிறது. நாம் வைத்த பெயர் அதன் பிணத்தின் நிறம்.

ஆயுளுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளரான நண்பர் ஒருவர் என்னை நுண்ணோக்கி முன் உட்காரவைத்தார். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய செவிக்கல்லின் மெல்லிய சீவல். மீனின் உட்காதில் இருக்கும் சுண்ணாம்புக்கல் அது, ஆண்டுக்கொரு வளையம் ஏறும். நடுவில் வளையங்கள் தாராளமாக, விலகி விலகி இருந்தன. முப்பதை நெருங்கும் இடத்தில் சட்டென்று ஒடுங்கிவிட்டன. "இங்கேதான் பருவத்துக்கு வந்தது" என்றார். அதுவரை உடம்பை வளர்த்த சத்து இனி முட்டைக்குப் போகிறது. அதன்பின் மயிரிழைக் கோடுகள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. அறுபதில் எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாதியில் கண் நிறைந்துவிட்டது. களைப்பு என்று நினைத்துக்கொண்டார் நண்பர்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் 'ரகசியம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கோபம் வந்தது. மறைத்துவைத்தால்தானே ரகசியம்? இந்த மீன் தன் வயதைத் தலைக்குள்ளேயே எழுதிவைத்திருந்தது. படிக்காமல் வலையை இறக்கியது நாம்தான்.

1970களின் இறுதியில் நியூசிலாந்துக் கடலில் இழுவைப் படகுகள் இதைப் பிடிக்கத் தொடங்கின. 1989-ல் டாஸ்மேனியாவுக்குக் கிழக்கே செயின்ட் ஹெலன்ஸ் என்ற கடலடி மலையில் பெருங்கூட்டம் அகப்பட்டது. இனப்பெருக்கத்துக்காக இவை அப்படி மலைகளைச் சுற்றிக் கூடும். கூடிய இடத்திலேயே அள்ளினார்கள். மலைமேல் நூற்றாண்டுகளாக வளர்ந்த பவளங்களும் வலையோடு நொறுங்கின. மற்ற மீன்களைப் போல இதுவும் சில பத்தாண்டுகள் வாழும், பிடிக்கப் பிடிக்கப் பெருகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். செவிக்கல்லில் ரேடியம் சிதைந்து ஈயமாகும் விகிதத்தை அளந்து, 149 வயது வரை போகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சொன்னது 1991-ல். அதற்குள் பத்தாண்டுக்கு மேல் அள்ளியாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள். பருவத்துக்கு வரவே இருபது முதல் நாற்பது ஆண்டுகள். வந்த பிறகும் எல்லாப் பெண்மீன்களும் ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. இடுவதும் சில பத்தாயிரம்தான், மீனினத்தில் அது சொற்பம். ஓர் இழுப்பில் வந்தவற்றுக்கு ஈடாக வளர இரண்டு மூன்று மனிதத் தலைமுறைகள் வேண்டும். நியூசிலாந்தில் ஒரு மீன்பிடிப் பகுதியை 2000-ல் மூடவேண்டியதாயிற்று. 2006-ல் ஆஸ்திரேலியா இதைப் பாதுகாக்கவேண்டிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. முதலில் வயதை எண்ணியிருக்கலாம். வலை இறங்கும் முன் நூறு செவிக்கல்லைச் சீவி உட்கார்ந்து எண்ணியிருக்கலாம். அதற்குப் பொறுமை இருக்கவில்லை.

ஆயுளுக்குக் காரணம் கேட்டிருந்தீர்கள். குளிர், அரிதாகக் கிடைக்கும் இரை, அவசரமில்லாத வளர்ச்சி. இறால், கணவாய், சிறுமீன் என்று கிடைத்ததைத் தின்று வாழ்கிறது.

நீங்கள் இளைஞர் என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது, கடிந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த மீனின் செவிக்கல் படம் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பெரிதாக்கி, வளையங்களை எண்ணுங்கள். நடுவில் தவறினால் முதலிலிருந்து. எத்தனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.